தெலுங்கில் அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது

டிவி தொடர்களைப் பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. கேட்காமலேயே சொல்லுவேன். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இதற்காகவே இடம் மாறிப் போயிருக்கிறார்கள். திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட்டுக்குப் போகிற பஸ் அது. காலையில் ஏறினால் ரேணிகுண்டா தாண்டுவதற்குள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் செல்போனில் இறக்கி வைத்த தொடர் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். விண்வெளி, வேற்றுக்கிரகம், காலப் பயணம், மனிதனைப் போலப் பேசும் இயந்திரம் என்று எதுவாக இருந்தாலும் எனக்குச் சரி. இத்தனை வருஷம் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு, நம்மை நன்றாக ஏமாற்றுகிறார்கள் என்பதுதான்.

நம் ஊரில் எடுக்கிற அறிவியல் தொடர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். விண்கலத்துக்குள் போனால் புதிதாகத் திறந்த நகைக்கடை மாதிரி இருக்கிறது. விஞ்ஞானி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒன்றும் புரியாமல் நிற்கும் நண்பனுக்குத் தமிழில் விளக்குகிறார். ஒன்றும் புரியாத அந்த ஆளை விண்கலத்துக்குள் யார் ஏற்றினார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பழைய காலத்துக்குப் போகும் இயந்திரம் ஒருவன் கையில் கிடைத்தால், நேராகக் காதலி கோபித்துக்கொண்டு போன நாளுக்குத்தான் போகிறான். உலகத்தில் அவனுக்கு வேறு வருத்தமே இல்லை. வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தவை கொஞ்சம் தேவலை. ஆனால் அங்கே கேப்டனுக்கும் வில்லனுக்கும் ஒரே குரல். விளம்பர இடைவேளையில் அதே குரல் சிமெண்ட் விற்கிறது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். பாதியில் விட்டுவிட்டுப் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பூமி வாழ முடியாமல் போனதால் ஒரு கப்பல் நிறைய மனிதர்களைப் பனியில் உறைய வைத்து வேறு கிரகத்துக்கு அனுப்பும் தொடர் ஒன்று வந்தது. ஒவ்வொருவரும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உறங்குவார்கள். பெட்டியின் தலைமாட்டில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். அவசரமில்லாமல், வெட்டுக்குத்து இல்லாமல், நல்ல கதை. இரண்டாவது சீசனின் கடைசியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. அதோடு சரி. பார்க்கிற ஆள் போதவில்லை என்று தொடரையே நிறுத்திவிட்டார்கள். அன்று பஸ்ஸில் நான் போட்ட சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் நிலவரம் வேறு. என் மனைவி நகரிப் பக்கம் பிறந்தவள். சாயங்காலம் தொடங்கி வரிசையாகத் தமிழ் சீரியல் பார்ப்பாள். அவற்றைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு. ஒரு முகத்தை மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை இடியோடு காட்டுகிறார்கள். படுக்கப் போகிறவளும் பட்டுப்புடவையில் போகிறாள். ஒரு கதவைத் தட்டி, அதைத் திறப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது. நான் இப்படிப் பேசினால் அவள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

அவள் விடாமல் பார்த்த சீரியல் ஒன்று இருந்தது. கல்யாணமாகிக் குழந்தை இல்லாத ஒரு பெண்ணின் கதை. அதுவே தெலுங்கிலும் ஓடியது. அங்கே வேறு நடிகர்கள், வேறு பேர்கள். அங்கே விஜயவாடா என்றால் இங்கே மதுரை. மற்றபடி கதை ஒன்றுதான், வசனம்கூட ஒன்றுதான். தெலுங்கில் முதலில் தொடங்கியதால் அது பல மாதங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தது. சென்னையில் இருக்கிறவர்களுக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். புத்தூர், நகரி, சத்தியவேடு, திருப்பதி எங்கே போனாலும் ஒரு வீட்டில் தமிழ் ஓடும், அடுத்த வீட்டில் தெலுங்கு ஓடும். தண்ணீர் பிடிக்கும்போதும் கோயிலில் வரிசையில் நிற்கும்போதும், தெலுங்குல அது ஆயிடுச்சி என்று சொல்லிக்கொள்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, தெரிந்த கதையையே இன்னும் ஆர்வமாகப் பார்ப்பார்கள். எங்களுக்குக் கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர். என் மனைவிக்கு எதிர்காலம் மாடிப்படி இறங்கினால் கிடைத்தது. காலப் பயணத்துக்காக இவ்வளவு செலவு செய்து படம் எடுக்கிறார்களே, எங்கள் வீட்டில் வந்து பார்க்கட்டும் என்று நான் கிண்டல் செய்வேன்.

எங்களுக்கும் கல்யாணமாகி வெகுகாலமாகக் குழந்தை இல்லை. என் சொந்த ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். அங்கிருந்து ஸ்ரீசிட்டி கூப்பிடு தூரம். அதை விட்டுவிட்டுத் திருப்பதிக்குக் குடிவந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டதற்குக் காரணம், இங்கே இருந்த ஆஸ்பத்திரி. ஊரில் இன்னும் விசேஷம் இல்லையா என்று கேட்கிற வாய்களிலிருந்து தப்பித்ததும் ஒரு காரணம். மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் முடிந்து கடைசியில் வெளியே கரு உண்டாக்கி உள்ளே வைக்கிற சிகிச்சைக்கு வந்து சேர்ந்தோம்.

சீரியலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் போதும், அடுத்த காட்சியில் வீடே இனிப்பு சாப்பிடும். என் மனைவி தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். குத்தின இடமெல்லாம் கன்றிப்போய்ப் புடவை கட்ட இடமில்லாமல் கொசுவத்தைத் தளர்த்தி வைத்துக்கொண்டாள். இதை எந்தச் சீரியலிலும் காட்ட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்திலும் ஒரு டிவி உண்டு. சத்தத்தை நிறுத்திவிட்டுச் சீரியல் ஓட விட்டிருப்பார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், சித்தூரிலிருந்தும் பலமனேரிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் முறை வைத்தது நிற்கவில்லை. மீதிக் கருக்களை உறைய வைத்திருக்கிறோம் என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்கு வந்ததும் உறைய வைப்பது என்றால் என்ன என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் விளக்கினேன். செல்போனில் அந்தக் கப்பலைக் காட்டினேன். என் தொடர் எதையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பார்க்காதவள், அன்று முழு எபிசோடையும் பார்த்தாள். உறங்குகிறவர்களுக்குக் குளிருமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். கனவு வருமா என்று கேட்டாள். இரண்டாவது சீசனில் ஒருவனுக்கு வரும் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் தலை அந்தக் கட்டடத்தின் பக்கம் திரும்பும். கருக்களை எந்த மாடியில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை நர்ஸிடம் கேட்டு வைத்திருந்தாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்காரம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். இருவர் முகத்திலும் சிரிப்பு. தட்டில் பால்கோவா. என்ன விசேஷம் என்று கேட்டேன். தெலுங்கில் அந்தப் பெண் உண்டாகிவிட்டாளாம். அதுவும் எங்களைப் போலவே ஆஸ்பத்திரியில் கரு வைத்து, ஒரு முறை தவறிப்போய், இரண்டாவது முறையில். இதற்குப் போய் இனிப்பா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா எங்களுக்கு இரண்டு வழி சொல்லியிருந்தார். அடுத்த கருவை உடனே வைக்கலாம், இல்லை என்றால் சில மாதம் உடம்பு தேறட்டும் என்று விட்டு அப்புறம் வைக்கலாம், இரண்டும் ஒன்றுதான், உங்கள் சௌகரியம் என்றார். என் மனைவி காத்திருக்கலாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள்.

“தமிழ்ல அவளுக்கு நிக்கிற நேரத்துல நம்மளும் வெச்சிக்கலாம் மாமா. ஒரு நல்ல சேதி கேட்டுக்கினு இருக்கும்போது உடம்பும் ஏத்துக்கும்.”

நான் அறிவியல் ரசிகன். இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் மறுநாள் பஸ்ஸில் விண்கலத்தை விட்டுவிட்டு, தெலுங்குக்கும் தமிழுக்கும் எவ்வளவு இடைவெளி என்று இரண்டையும் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிக்காகத் தமிழில் எந்தெந்த நாள் விட்டார்கள் என்பதையும் கழித்தேன். எந்த மாதம் என்று அவளிடம் சொன்னதே நான்தான். தெலுங்கில் நடந்தது தமிழில் நடக்காமல் போகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அதுவரை ஒரு முறைகூட அப்படி ஆனதில்லை.

அந்த மாதம் வந்தது. கருவை வைத்தார்கள். படுக்கையிலிருந்து எழுந்து வரும்போது, படியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். வீட்டில் கனமான எதையும் தூக்கவிடாமல் நானே குழம்பு வைத்தேன். இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் நானும் ஏழரை மணிக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்தேன். வாயைத் திறக்காமல் பார்த்தேன். இடி இடித்தால் இடிக்கட்டும் என்றிருந்தது.

ஒரு திங்கட்கிழமை கதாநாயகி கோயில் பிராகாரத்தில் திரும்பினாள், வேறு முகம். கீழே எழுத்து ஓடியது, இனி இவருக்குப் பதில் இவர் என்று. சீரியல் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. நேற்றுவரை ஒருத்தியை அம்மா என்று கூப்பிட்ட குழந்தை இன்று வேறொருத்தியின் இடுப்பில் ஏறிக்கொள்ளும். கணவன் ஒரு பார்வைகூட வித்தியாசமாகப் பார்க்க மாட்டான். முன்பெல்லாம் இதை வைத்து நான் அரைமணி நேரம் பேசுவேன். அன்று பேச முடியவில்லை. என் மனைவி பழைய நடிகைக்கு என்ன ஆயிற்று என்று செல்போனில் தேடினாள். நிஜத்தில் கர்ப்பமாக இருக்கிறார், அதனால் விலகிவிட்டார் என்று போட்டிருந்தது. அந்தப் பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கும் படமும் இருந்தது. என் மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள். நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

புது முகம் வந்ததும் கதையும் தடம் மாறியது. ஏன் மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெலுங்கில் நல்லது நடந்ததும் பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் தமிழில் நடக்கவிடவில்லை என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். அது உண்மையாக இருந்தால், அதை எழுதினவர்களை எங்கள் ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார வைக்க வேண்டும். டாக்டர் வெளியே வந்து சிரித்துக்கொண்டே கையைக் குலுக்க வேண்டிய நாளில், கதாநாயகி மாடிப்படியில் உருண்டாள். மூன்று முறை காட்டினார்கள். அடுத்து ஆஸ்பத்திரி, அடுத்து கர்ப்பப்பையையே எடுத்துவிட்டோம் என்கிற டாக்டர். என் மனைவி எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். கீழே வீட்டுக்காரம்மா வீட்டில் தெலுங்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அவளுக்குப் பிள்ளை பிறந்து, பேர் சூட்டு விழா நடந்துகொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் மாடிக்குக் கேட்டது.

மறுநாள் காலை ரத்தம் கொடுத்துவிட்டுக் கூடத்தில் காத்திருந்தோம். இல்லை என்று சொன்னார்கள். நேத்தே எனக்குத் தெரியும் என்றாள். அப்படியெல்லாம் இல்லை, அது வேறு இது வேறு என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மாதத்தைக் கணக்குப் போட்டவனே நான் என்பதால், அதை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. உடனே வைத்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியாக ஒரே ஒரு கரு மிச்சம் இருந்தது. அது அவ்வளவு திடமாக இல்லை, அவள் உடம்பும் மருந்துக்குச் சரியாக ஈடுகொடுக்கவில்லை, இன்னொரு முறை அவளைப் படுத்த வேண்டாம் என்பது என் அபிப்பிராயம் என்றார் டாக்டரம்மா. முடிவு உங்களுடையது என்றும் சேர்த்துக்கொண்டார். நாங்கள் முடிவு எதுவும் எடுக்கவில்லை. அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றித்தான் தொடர் எடுக்கிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம். சீரியலில் என்ன செய்தார்கள்? ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் அழுதார்கள். திங்கட்கிழமை திரையில், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு என்று போட்டார்கள். கதாநாயகிக்கு மூக்குக்கண்ணாடி வந்திருந்தது, மாமியாருக்குக் கொஞ்சம் நரை. அவ்வளவுதான். என் அறிவியல் தொடர்களும் இதில் யோக்கியம் இல்லை. பெட்டிக்குள் படுத்துக் கண்ணை மூடினால் நூறு வருஷம் கழித்துத் திறப்பார்கள். நடுவில் இருந்ததை யார் வாழ்ந்தது? பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்கு வளையல் வாங்கிக்கொண்டு போய், கூட்டத்தில் கடைசியாக நின்று, யாரும் பார்க்காத நேரத்தில் திரும்பி வந்தது யார்? சமையல் ஆனதும் சாப்பிட்டாயா என்று கேட்பதைத் தவிர ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ள எதுவும் இல்லாமல் போகுமே, அந்தச் சாயங்காலங்களை எந்தச் சேனல் காட்டுகிறது? அப்படி ஒரு எழுத்து எங்களுக்கும் போட்டுவிட மாட்டார்களா என்று நான் ஏங்கிப்போயிருக்கிறேன். விடிந்தால் செவ்வாய்க்கிழமை, அதற்கடுத்து புதன்கிழமை, ஒன்றைக்கூடத் தாண்ட முடியவில்லை. நான் தொடர் பார்ப்பதை விட்டேன். பஸ்ஸில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் தூங்கினேன்.

அவள் மட்டும் அந்தச் சீரியலை விடவில்லை. ஏன் பார்க்கிறாய் என்று கேட்டால், அவளுக்கு இன்னா ஆவுதுன்னு பாக்க வேணாமா என்பாள். கீழே போய்க் கேட்பதை நிறுத்திவிட்டாள். தெலுங்கில் இனிக் கேட்டு என்ன பிரயோஜனம்? இரண்டும் இரண்டு கதையாகிவிட்டன.

அந்தச் சமயம் என் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு சில நாள் இருந்தாள். அம்மாவும் அதே சீரியல்தான். ஊரில் தனியாகப் பார்த்ததை இங்கே மருமகளோடு பார்த்தாள். தமிழ்க் கதையில் மாமியார் தன் பிள்ளைக்கு இரண்டாம் கல்யாணம் பேசத் தொடங்கியிருந்தாள். என் அம்மா பொல்லாதவள் இல்லை. அந்தக் கதாநாயகிக்காக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பார்த்தாள். துடைத்துக்கொண்டே, அந்தப் பையனுந்தான் பாவம், அவன் இன்னா பண்ணுவான் என்றாள். டிவியைப் பார்த்துச் சொன்னதுதான். என் மனைவி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. நான்தான் அங்கே உட்கார முடியாமல் எழுந்து போனேன். ஊருக்கு பஸ் ஏற்றிவிடும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மிச்சம் இருக்கிற ஒண்ணை வுட்டுடாத என்றாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி, வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள், எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னாள். மளிகை வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள். நான் கத்தினேன். சீரியலைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாய் என்றேன். அவளுக்குக் கோபம் வந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சில நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உறைய வைத்ததற்கு வருஷம் முடிகிறது, இன்னும் வைத்திருப்பதா, வேண்டாமா, இருவரும் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வைத்திருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளிடம் நியாயம் பேசினேன். அறிவியல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, இன்று முடியாதது இன்னும் சில வருஷத்தில் முடியும், அதுவரை அது அங்கே பத்திரமாக இருக்கும், கப்பலில் இருக்கிறவர்கள் மாதிரி என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் எந்தத் தொடரையும் பற்றிப் பேசியதில்லை. அவள் முழுவதையும் கேட்டாள்.

“உன் கப்பல்ல இருக்கறவங்கோ தூங்கறாங்கோ மாமா. நான் முழிச்சிக்கினு இருக்கறேன்.”

ஒரு கரு ஐஸில் கிடக்கும் வரைக்கும் அவளுக்குத் தூக்கமும் இல்லை, விடிவும் இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஒவ்வொரு மாதமும் அவள் அந்த மாடியைப் பார்த்துக்கொண்டே போய் வர வேண்டும். நான் அறிவியலை நம்பிக்கொண்டு சௌகரியமாக பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களுக்குத் தெரிந்த நர்ஸ்தான் இருந்தார். தெலுங்கில் விவரம் சொன்னார். வேண்டாம் என்பதை என் மனைவி தெலுங்கிலேயே சொன்னாள். சந்தையிலும் சர்க்கார் ஆபீஸிலும் பேசுகிற அதே தெலுங்கு, குரல் உடையவில்லை. கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். எழுந்து வருவோம் என்று நினைத்தேன், அவள் எழவில்லை. எந்த நாளில் எடுப்பீர்கள் என்று நர்ஸிடம் கேட்டாள். அதையெல்லாம் சொல்லுகிற வழக்கம் இல்லையம்மா, லேபில் அவர்கள் செய்வார்கள், இன்றைக்கே ஆனாலும் ஆகும் என்றார் நர்ஸ். எங்கே போடுவார்கள் என்று கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். சரி என்று எழுந்துகொண்டாள்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் மாடிப்படி ஏறப் போனேன். அவள் ஏறவில்லை. செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, பின்பக்கம் மோட்டார் ரூமை ஒட்டியிருந்த குழாய்க்குப் போனாள். வாளியை வைத்துத் திறந்துவிட்டாள். நிரம்பும்வரை நின்றாள். கட்டின புடவையோடு கல்லில் உட்கார்ந்து, மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள்தான் இப்படி வெளியிலேயே குளித்துவிட்டு உள்ளே போவார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா பதறிக்கொண்டு வெளியே வந்தார். யார் போய்விட்டது என்று தெலுங்கில் கேட்டார்.

“மா இன்ட்லோனே அம்மா.”

எங்கள் வீட்டில்தான் என்று சொன்னாள். எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அவளுக்குக் காட்டாமல் இருக்க மேலே போய்த் துண்டு எடுத்து வருகிறேன் என்று திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அடுத்த வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

“நீ அப்பன்காரன். தலைக்கு ஊத்திக்காம உள்ள போவக்கூடாது.”

சட்டையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஊற்றினாள்.